கேமராவின் பெயரை மாற்றியவள்

திருவண்ணாமலையில் சமீப வருஷங்களில் கல்யாணம் செய்துகொண்ட பலரையும் மெஹ்ருன்னிசாவுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் இவளைத் தெரியாது. பேருந்து நிலையத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நிற்பாள். அவள் மோவாய்க்குக் கீழே இருக்கும் மச்சத்தைப் பார்த்ததும் மெஹ்ருன்னிசாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் தேம்பித் தேம்பி அழுதவள் இவள்தான், இவள் புருஷன்தான் மேடையிலேயே கொட்டாவி விட்டவன். தெரிந்தவளைப் பார்த்ததுபோல் சிரித்துவிடப் போகிறோமே என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். மசூதித் தெருவில் மாடிப் போர்ஷன். முன்னறையில் ஒரு மேசை, மேசைமேல் வயதான ஒரு கம்ப்யூட்டர், அதன் மூச்சிரைப்புக்கு எதிரே சின்ன மின்விசிறி. போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க்கில் படங்களைக் கொடுத்தனுப்புவார்கள். இவள் நல்லவற்றைப் பொறுக்கி, நிறம் திருத்தி, பக்கம் அடுக்கிக் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் கலர் லேபில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது. புருஷன் ஜுபைர் ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறான். சாயங்காலம் வீடு திரும்பினால், எந்த வண்டி எந்தச் சாக்கடையில் இறங்கியது, எந்த ஹெல்மெட் எந்த நாட்டுக்குப் போய்விட்டது என்பதுதான் பேச்சு. ஒரு ஹெல்மெட்டையும் தொலைக்காமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சம்பாதிக்கிற பெண்சாதிமேல் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அவளுக்கு வேலை கொடுப்பவர்களில் முக்கியமானவன் கீழ்பென்னாத்தூர் குமரேசன். மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அப்பா தவறிவிட்டார். அம்மா ராஜம்மாள் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைந்தான். தங்கை ரேவதி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பதும் வாங்கிப்போவதும் அவள்தான். கடைக்குப் போகும் வழியில் டிபன் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து நீட்டுவாள். திரும்பும்போது நேரமிருந்தால் உட்கார்ந்து டீ குடிப்பாள். கறுத்த, களையான முகம். சிரிக்கும்போது கண் சுருங்கிக் காணாமல் போய்விடும். சாதாரணமாக யாரையும் உட்காரச் சொல்லாத மெஹ்ருன்னிசாவுக்கு ரேவதி வந்தால் மட்டும் வேலை ஓடாது.

குமரேசன் புதுக் கேமரா வாங்கினான். எல்லாச் சங்கடமும் அங்கேதான் ஆரம்பம்.

போட்டோக்காரர்கள் 'ரா' என்று ஒன்று சொல்வார்கள். கேமரா பார்த்ததையெல்லாம் சமைக்காமல் அப்படியே மூட்டை கட்டி வைப்பது. அரிசி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு சாஃப்ட்வேரால் வேகவைத்தால்தான் சோறாகும், நாம் பார்க்கிற போட்டோவாகும். இதில் தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு கேமராவும் மூட்டையை ஒவ்வொரு விதமாகக் கட்டும். எந்தக் கேமரா கட்டிய மூட்டை என்று சாஃப்ட்வேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கேமரா என்றால் பிரிக்கவே மாட்டேன் என்று கைவிரித்துவிடும்.

மெஹ்ருன்னிசாவின் சாஃப்ட்வேர் பழையது. குமரேசனின் கேமராவோ பெட்டி மணம் மாறாத புதுசு. அதில் அவன் முதல் கல்யாணத்தை எடுத்து அனுப்பிய அன்றைக்கு, திரை முழுக்கச் சாம்பல் கட்டங்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. இந்தக் கேமரா எனக்குப் பழக்கமில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பைப் போடலாம் என்றால், அதை அந்தக் கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை. கேமரா கம்பெனியே சும்மா தருகிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. அது திறந்தது, ஒழுங்காகத்தான் திறந்தது. ஆனால் ஒரு படத்தைத் திறந்துவிட்டு அடுத்ததைத் திறப்பதற்குள் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம். முகூர்த்த மாதத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குமரேசனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மெஷினில் உன் கேமரா படம் திறக்கவில்லை, கொஞ்ச நாள் ரா எடுக்காமல் சாதாரணமாக எடு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அவன் வேறு ஆளிடம் போய்விடுவான் என்று பயந்தாள். அதைவிட, முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அவளால் முடியாதது என்று ஒன்று இருப்பதை அதுவரை ஒரு போட்டோகிராபரும் பார்த்ததில்லை.

இன்டர்நெட்டில் தேடினாள். எங்கோ யாரோ ஒரு புண்ணியவான் வழி எழுதி வைத்திருந்தான். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் கேமராவின் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரை அழித்துவிட்டு, அதே கம்பெனியின் முந்தைய மாடல் பெயரை எழுதிவிட்டால் போதும். சாஃப்ட்வேர் ஏமாந்துவிடும், தெரிந்த கேமரா என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடும். மெஹ்ருன்னிசா எல்லாவற்றையும் பிரதி எடுத்து, பிரதிகளில் பெயரை மாற்றினாள். சாம்பல் கட்டங்கள் போய், மணப்பெண் வந்து நின்றாள். மெஹ்ருன்னிசா நாற்காலியில் சாய்ந்து தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டாள்.

சற்று உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வேறு கேமராவின் கணக்கை இந்தக் கேமராவுக்குப் போட்டதில் நிறமெல்லாம் ஒரு சுற்று நகர்ந்திருந்தது. அரக்குப் புடவை ரோஜா நிறத்துக்குச் சாய்ந்திருந்தது. வாழை இலை வெளிறியிருந்தது. ஆட்கள் எல்லாரும் உள்ளதைவிட ஒரு படி வெளுத்து, கன்னத்தில் லேசாகச் சிவப்பேறி நின்றார்கள்.

புடவையைத் திருத்தினாள். இலையைத் திருத்தினாள். மாலையை, மேடைத் துணியைக்கூட விடவில்லை. புடவை நிறம் மாறியிருந்தால் பெண்வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தோலின் நிறத்துக்கு வந்தபோது அவள் கை நின்றது. அது மாறியிருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், சந்தோஷம்தான் படுவார்கள். எனவே அதை மட்டும் அப்படியே விட்டாள். தப்பு எங்கே நடந்தது என்று பிற்பாடு அவள் தன்னைத்தானே குடைந்தபோதெல்லாம் கடைசியில் அந்த இடத்தில்தான் வந்து நின்றாள். சாஃப்ட்வேரை ஏமாற்றியது பெரிய விஷயமில்லை. புடவைக்குக் காட்டிய நேர்மையை முகத்துக்குக் காட்டாமல் விட்டதுதான் விஷயம்.

ஆல்பம் போனது. ஆஹா ஓஹோ என்றார்கள். அடுத்தது போனது, அதற்கும் அப்படியே. குமரேசன் படத்தில் எல்லாரும் பளிச்சென்று இருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. 'குமரேசன் கலர்' என்றே சில மண்டபங்களில் சொன்னார்கள். அவன் அதைத் தன் புதுக் கேமராவின் மகிமை என்று நம்பினான். போகிற இடத்திலெல்லாம் கேமராவைத் தட்டிக் காட்டி, நாங்கள் பூசுவது மெழுகுவது ஒன்றும் கிடையாது, வருவதே இப்படித்தான் என்று சொன்னான். மெஹ்ருன்னிசாவிடம் வந்து சொன்னபோது அவள் சிரித்து வைத்தாள். பாவம், எவ்வளவு ஆசையாக வாங்கிய கேமரா, சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். தன் குட்டு மறைவதற்குத்தான் அப்படி அவன் சந்தோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

அந்த சீசன் நடுவில் ரேவதிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். குமரேசனே தங்கையை வீட்டு வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தான். கல்யாணப் படங்களோடு சேர்த்து டிஸ்க்கில் அனுப்பிவிட்டு, தனியாகப் போனும் பண்ணினான்.

"அக்கா, அதுல ரேவதி போட்டோ இருக்குது. அதுல எதுவும் கை வைக்காதீங்க. அவ எப்படி இருக்கறாளோ அப்படியே இருக்கட்டும். நாளைக்கு நேர்ல பாத்துட்டு யாரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாது."

கை வைக்க மாட்டேன் என்று மெஹ்ருன்னிசா சொன்னாள். சொன்னபடியே ஒரு பருவைக்கூட எடுக்கவில்லை. ஆனால் மற்றப் படங்களைப் போலவே அதற்கும் பெயர் மாற்றிக் கதவு திறந்திருந்தது. திரையில் நின்ற ரேவதி, எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற ரேவதியாக இல்லை. வெயிலில் எடுத்ததாலோ என்னவோ, மற்றவர்களைவிட அதிகமாக இரண்டு படி வெளுப்பு. மெஹ்ருன்னிசா பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவளால் சொல்லவே முடியாது. நன்றாகப் பார்த்து, இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல இடமாக அமைந்தால் அவளுக்கும் நல்லதுதானே என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் ரேவதி வந்தபோது அவள் போனில் வயரைச் சொருகிப் படத்தை ஏற்றிக் கொடுத்தாள். ரேவதி பார்த்துவிட்டு வெட்கப்பட்டாள்.

"அண்ணன் கேமரா நெஜமாவே சூப்பர்தான்க்கா," என்றாள்.

தரகர் முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி கேட்டிருந்தார். ரேவதி தன் போனிலேயே படத்தின் ஓரங்களை வெட்டி, அதன்மேலேயே சேமித்து, அவருக்கு அனுப்பிவைத்தாள்.

ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ராஜம்மாள் முந்தின நாளே வீட்டைக் கழுவி, உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தாள். ரேவதி வந்து கும்பிட்டு நின்றாள். மாப்பிள்ளையின் அத்தைக்காரி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், படத்தைப் பார்த்தாள், ரேவதியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு போனைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். தட்டில் வைத்த பலகாரம் அப்படியே இருந்தது.

சொல்வதற்குத் தரகர் வந்தார். பெண் கறுப்பு என்பதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லையாம், போட்டோவில் ஏமாற்றுகிறவர்களோடு சம்பந்தம் வேண்டாமாம். இதைக் கேட்டுக் குமரேசனுக்கு மானமே போய்விட்டது. தொழிலே போட்டோ எடுப்பது. படத்தை எடுத்தது அவன். கேமராவின் பின்புறத் திரையில் தங்கையை உள்ளபடியே பார்த்திருந்தான். மெஹருக்காவிடம் கை வைக்காதீர்கள் என்று சொல்லியுமிருந்தான். அப்படியென்றால் நடுவில் மிச்சம் இருந்தது ரேவதியும் அவள் போனும்தான். போனில் ஓரம் வெட்டியதை அவளே சொன்னாள். வெட்டியவள் வெளுக்கவும் வைத்திருக்கிறாள் என்று தீர்ந்துபோனது. கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால், தன் கல்யாணப் படங்களில் எல்லாரும் வெளுத்திருப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று அவனுக்கே பிடிபட்டிருக்கும். ஆனால் தன் கேமராவைச் சந்தேகப்பட அவனுக்கு மனசு வரவில்லை. தங்கையைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது.

இதெல்லாம் மெஹ்ருன்னிசாவுக்குப் பிற்பாடு தெரிந்தது. அவளுக்கு முதலில் வந்தது ரேவதியின் போன். மத்தியான நேரம், ஜுபைர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரேவதியின் குரல் கம்மியிருந்தது, பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நீங்க அந்தப் போட்டோல ஏதாவது பண்ணீங்களா?"

ஆமாம் என்றால் அதோடு நிற்காது. அந்த சீசன் முழுக்கப் போன ஆல்பங்கள், குமரேசன் கலர், அவன் தட்டிக் காட்டிய கேமரா, இவள் கெட்டிக்காரத்தனம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும். இத்தனையும் மெஹ்ருன்னிசாவின் தலைக்குள் ஓடி முடிந்ததும் வாய் தானாகப் பதில் சொன்னது.

"நான் எதுவும் கை வைக்கலம்மா."

ரேவதி, "ஓரம் வெட்டறப்போ பக்கத்துல இன்னொரு பட்டன் இருக்குதுக்கா, அழகு பண்றது. அதுல என் வெரலு தெரியாம பட்டிருக்குமா?" என்று கேட்டாள்.

இதற்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த விரல் எந்தப் பட்டனிலும் படவில்லை என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இருக்கலாம்மா," என்றாள் மெஹ்ருன்னிசா.

சரிக்கா என்று போன் வைக்கப்பட்டது. யார் என்று ஜுபைர் கேட்டதற்கு, குமரேசன் தங்கை, ஏதோ படம் விஷயம் என்றாள். அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

ரேவதி அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த டிஸ்க்கைக் குமரேசனே கொண்டுவந்தான். வந்தவன் வாசல்படியிலேயே நின்று, வீட்டுச் சங்கதியை வெடுவெடுவென்று சொன்னான். தரகர் வந்து சொன்ன அன்று உறவுக்காரர்கள் மத்தியில் ரேவதி நான் எதுவும் செய்யவில்லை என்று ஒரே பிடியாக நின்றாளாம். அப்படியானால் கற்பூரத்தை ஏற்றி, மலையைப் பார்த்து, கையால் அணைத்துச் சத்தியம் செய் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். அவர்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. கற்பூரம் அணைத்துச் சொன்னால் சொன்னதுதான். ரேவதி சரி என்றாளாம். கற்பூரத்தை எடுத்து வைத்தார்களாம். அதற்குள், ஒரு நிமிஷம் இருங்கள் என்று போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாளாம்.

"திரும்பி வந்து, பண்ணமாட்டேன்னுட்டாக்கா. கற்பூரம் எரிஞ்சு தானா அணைஞ்சுது. அப்பவே தெரிஞ்சுபோச்சு எல்லாருக்கும். கடைசில அவளே, நான்தான் பண்ணியிருப்பேன் போல, மன்னிச்சிடுங்கன்னு பெரியம்மா கால்ல உழுந்தா. அன்னையிலருந்து அவகிட்ட நான் பேசறதில்ல."

மெஹ்ருன்னிசா டிஸ்க்கை வாங்கிக்கொண்டாள். டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு, கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். பின்கட்டுக்குப் போய் அந்தப் பெண் யாருக்குப் போன் பண்ணினாள் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. திரையில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கக் கூசியது. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, கை வைக்கவில்லை என்றுதானே சொன்னேன் என்று மனசு ஒரு பக்கம் வக்கீல் மாதிரி வாதாடியது. அந்த 'இருக்கலாம்' வரும்போது வக்கீல் வாயை மூடிக்கொண்டார். தொழுகையில் உட்கார்ந்தால் ஓத வேண்டியது மறந்து அந்த ஒரு வார்த்தைதான் வந்து நின்றது. சோற்றில் உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டாள்.

ஜுபைரிடம் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவன், அது அவர்கள் வீட்டு விவகாரம், இப்போது போய்ச் சொன்னால் குமரேசன் மட்டுமில்லை, ஊரில் இருக்கிற போட்டோக்காரன் ஒருத்தனும் டிஸ்க் கொடுக்க மாட்டான், போன மாப்பிள்ளை திரும்பி வரப்போகிறானா, பேசாமல் இரு என்றான். கெட்ட மனசில்லை அவனுக்கு, பெண்சாதியை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்ற பதைப்புதான். அவன் சொன்னது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் கம்பெனிக்காரன் சும்மா தருகிற சாஃப்ட்வேரைத் திறந்தாள். பெயர் மாற்றாத மூல ஃபைலை அதில் போட்டாள். வேலை முடியட்டும் என்று காத்திருந்தாள். மெதுவாகக் கட்டம் கட்டமாக ரேவதி வந்தாள். வாசல் வெயிலில், தன் நிறத்தில், கண்கள் சுருங்க நின்றாள். நல்ல படம். குமரேசன் எடுத்ததிலேயே நல்ல படம் என்றுகூடச் சொல்லலாம். இதை அனுப்பியிருந்தால் ஆரணிக்காரர்கள் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஆனால் வந்தவர்கள் இவளைப் பார்க்க வந்தவர்களாக இருந்திருப்பார்கள். மெஹ்ருன்னிசா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கலர் லேபுக்குப் போய் இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ஜுபைரிடம் சொல்லவில்லை.

களத்தில் மணிலா காய்ந்துகொண்டிருந்தது. ராஜம்மாள் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். வாங்க என்று உள்ளே அழைத்து, பாய் போட்டாள். குமரேசன் கேமராவுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். அன்று வாரக் கடைசி என்பதால் ரேவதியும் இருந்தாள். சமையலறை வாசலில் நின்று வாங்கக்கா என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

மெஹ்ருன்னிசா உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு படத்தையும் பாயின்மேல் வைத்துச் சொன்னாள். கேமராவின் பெயரை மாற்றியதையும், நிறம் நகர்ந்ததையும், புடவையைத் திருத்தி முகத்தை விட்டதையும் சொன்னாள். ரேவதியின் போனில் எந்தப் பட்டனும் அழுந்தவில்லை, அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும் சொன்னாள். ராஜம்மாளுக்குக் கேமரா சமாச்சாரம் புரியவில்லை. மகள்மேல் தப்பில்லை என்பது மட்டும் புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குமரேசன் இரண்டு படங்களையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது. மற்ற ஆல்பமெல்லாம் என்று ஆரம்பித்து நிறுத்தினான். எல்லாமே அப்படித்தான் என்றாள் மெஹ்ருன்னிசா. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. சார்ஜரின் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தங்கையின் பக்கம் திரும்பி, அத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, "பாப்பா, உம்மேல தப்பில்ல," என்றான்.

ரேவதி சமையலறை வாசலிலேயே நின்றாள்.

மெஹ்ருன்னிசா அவசர அவசரமாகப் பேசினாள். ஆரணிக்கு நானே போகிறேன், தரகரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், நடந்ததைச் சொல்லி அவர்கள் வாயாலேயே மன்னிப்புக் கேட்கவைக்கிறேன் என்றாள். ரேவதி தலையை ஆட்டி மறுத்தாள்.

"போயி என்னான்னு சொல்லுவீங்க? பொண்ணு கறுப்புதான், போட்டோதான் பொய்யின்னா? அதான் அவங்களுக்கே தெரியுமே."

அப்போதுதான் அவள் சமையலறை வாசலை விட்டு வந்தாள். பாயின் ஓரத்தில் நின்றாள். படங்களைப் பார்க்கவில்லை, மெஹ்ருன்னிசாவைத்தான் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. ஒரு விஷயத்தை ஒழுங்காகப் புரியவைத்துவிட வேண்டும் என்கிற முகம் அது.

"கை சுட்டுடும்னு பயந்து நான் கற்பூரம் அணைக்கலன்னு பெரியம்மா இன்னும் சொல்லிக்கினு இருக்கறாங்க. சுடும்னு இல்லக்கா. நான் ஒண்ணும் பண்ணலன்னு எனக்கு நல்லா தெரியும். இருந்தாலும் மலையப் பாத்து சத்தியம் பண்றமே, ஒரு வார்த்த உங்களக் கேட்டுக்கலாம்னுதான் போன் பண்ணேன். நீங்க இருக்கலாம்னு சொன்னீங்க."

மடங்கியிருந்த பாய் ஓரத்தைக் காலால் நீவிவிட்டாள்.

"அதுக்கப்புறம் எனக்கே என்ன நம்ப முடியலக்கா."

கொண்டுவந்திருந்த மன்னிப்பு இதற்குக் காணாது என்று தெரிந்து, மெஹ்ருன்னிசா அதுவரை உட்காராத பாயில் உட்கார்ந்தாள். ராஜம்மாள் எழுந்து டீ போடப் போனாள்.